பவர் சப்ளையை மாற்றிய பின்பும் கணினி தொடங்கவில்லை: மதர்போர்டு போய்விட்டதா?

கேள்வி

வணக்கம். சென்ற வாரம் மின்தடை நீங்கி மின்சாரம் திரும்பிய நொடியில், என் மேசைக் கணினியின் பின்புறத்திலிருந்து ‘டப்’ என்ற சத்தமும், அதைத் தொடர்ந்து கருகிய வாடையும் வந்தன. அதன் பிறகு கணினியில் அசைவே இல்லை. பவர் சப்ளைதான் போயிருக்க வேண்டும் என்று கருதி, அதே நிறுவனத்தின் சற்றே கூடுதல் வாட் கொண்ட வேறொரு மாடலை வாங்கிப் பொருத்தினேன். இரண்டுமே கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் வகையைச் சேர்ந்தவை.

இப்போது நிலைமை இதுதான். மதர்போர்டில் உள்ள சிறிய விளக்கு எரிகிறது. பவர் பொத்தானை அழுத்தினால், பிராசஸர் விசிறி கால் சுற்று அசைந்து நின்றுவிடுகிறது. பவர் சப்ளைக்குள்ளிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது. மறுபடி அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை. பின்பக்க சுவிட்சை அணைத்துச் சில நொடிகள் கழித்துப் போட்டால், மீண்டும் அதே கால் சுற்று.

புதிய பவர் சப்ளையை மட்டும் தனியே எடுத்து, 24 பின் இணைப்பில் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் பேப்பர் கிளிப்பால் இணைத்துப் பார்த்தேன். விசிறி சீராக ஓடியது. ஆகவே பவர் சப்ளை நன்றாக இருக்கிறது, பழையது வெடித்தபோது மதர்போர்டையும் கொன்றுவிட்டது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். புதிய மதர்போர்டு வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியது ஏதேனும் உண்டா? இயங்குதளம் மதர்போர்டின் மேலேயே பொருத்தப்பட்ட என்விஎம்இ எஸ்எஸ்டியில் இருக்கிறது. அது தவிர, கேபிள் வழியே இணையும் ஒரு சாட்டா எஸ்எஸ்டியும், பல வருடப் படங்கள் உள்ள ஒரு ஹார்ட் டிஸ்க்கும் இருக்கின்றன.

பதில் 1

பேப்பர் கிளிப் சோதனையை வைத்து இவ்வளவு தூரம் போக வேண்டாம். சுமை எதுவும் இல்லாத நிலையில் பவர் சப்ளை விழித்துக்கொள்கிறது என்பதற்கு மேல் அந்தச் சோதனை எதையும் சொல்வதில்லை. மல்டிமீட்டர் இருந்தால் மின்னழுத்தங்களையாவது பாருங்கள்: 12 வோல்ட் தடம் 11.40 முதல் 12.60 வரையிலும், 5 வோல்ட் தடம் 4.75 முதல் 5.25 வரையிலும் இருக்க வேண்டும்.

விசிறி அசைந்து உடனே நிற்பதும், பின்பக்க சுவிட்சை அணைத்துப் போடும் வரை மறுபடி அசையாததும், பவர் சப்ளையின் ஷார்ட் பாதுகாப்பு வேலை செய்வதைக் காட்டுகின்றன. எங்கோ ஒரு தடம் நேரடியாகத் தரையோடு, அதாவது பூஜ்ய வோல்ட் பக்கத்தோடு, சேர்ந்திருக்கிறது. மதர்போர்டாக இருந்தால், பிராசஸருக்கு மின்சாரம் தரும் மாஸ்ஃபெட்டுகளில் (மின்னணு சுவிட்சுகளில்) ஒன்று போயிருக்கலாம். மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, பிராசஸருக்கான 8 பின் கேபிளைக் கழற்றி, போர்டில் உள்ள அந்த இணைப்பின் 12 வோல்ட் பின்னுக்கும் தரைப் பின்னுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் சந்தேகம் உறுதியாகிறது. பக்கத்தில் உள்ள சுருள்களில் மட்டும் அளக்காதீர்கள். பிராசஸர் பொருத்தியிருக்கும்போது அங்கே ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துவிட்டு நல்ல போர்டைத் தூக்கி எறிந்தவர்களுள் நானும் ஒருவன்.

பதில் 2

மேலே சொன்ன சோதனை சரிதான். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. புதிய பவர் சப்ளையுடன் வந்த கேபிள்கள் அனைத்தையும் மாற்றினீர்களா, அல்லது ஏற்கெனவே கேபினெட்டுக்குள் கட்டி வைத்திருந்த பழைய கேபிள்களில் எதையாவது அப்படியே விட்டுவிட்டீர்களா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. மதர்போர்டு, டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் பக்கம் உள்ள இணைப்புகளுக்குத்தான் பொதுத் தரம் இருக்கிறது. பவர் சப்ளையின் பக்கம் உள்ள இணைப்பில் எந்த ஓட்டையில் எந்த மின்னழுத்தம் வர வேண்டும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்கூட அது மாறுவதுண்டு. கேபிள் அழகாகப் பொருந்தும், கொக்கியும் சரியாக விழும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகும்.

நீங்கள் கொடுத்த தகவல்களில் இரண்டு இந்தப் பக்கம் கைகாட்டுகின்றன. மதர்போர்டின் சிறு விளக்கு எரிகிறது என்றால், எப்போதும் வரும் காத்திருப்பு 5 வோல்ட் நன்றாக இருக்கிறது; பொத்தானை அழுத்திய பின் வரும் முதன்மைத் தடங்களில்தான் ஷார்ட். தனியே எடுத்துச் சோதித்தபோது விசிறி ஓடியது. அப்போது டிஸ்க்குகளுக்குப் போகும் கேபிள் எதுவும் மாட்டியிருக்கவில்லை என்று ஊகிக்கிறேன்.

ஆகவே சாட்டா மின்கேபிள்களைப் பவர் சப்ளையின் பக்கத்திலேயே பிடுங்கிவிட்டு, கிராஃபிக்ஸ் கார்டையும் எடுத்துவிட்டு, பிராசஸர், அதன் விசிறி, ஒரே ஒரு ராம் ஆகியவற்றோடு மட்டும் தொடங்கிப் பாருங்கள். பிராசஸரில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லாவிட்டால் திரையில் எதுவும் வராது. விசிறி நிற்காமல் ஓடுகிறதா என்பதுதான் நமக்கு வேண்டிய பதில். அதற்கு முன் வேறெதையும் வாங்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

உங்கள் கேள்வியைப் படித்ததுமே வயிற்றைக் கலக்கியது. 24 பின் கேபிளையும் பிராசஸருக்கான 8 பின் கேபிளையும் கிராஃபிக்ஸ் கார்டு கேபிளையும் புதிதாகவே மாட்டினேன். சாட்டா கேபிள் மட்டும் மதர்போர்டுத் தட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கட்டுகளால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்ததால், சோம்பல்பட்டு, அதன் முனையைப் புதிய பவர் சப்ளையில் செருகிவிட்டேன்.

அதைப் பிடுங்கியதும் விசிறி நிற்காமல் ஓடியது. மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினேன்; இயங்குதளமும் முழுமையாக வந்துவிட்டது. மதர்போர்டு பிழைத்தது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக இரண்டு சாட்டா கேபிள்களையும் மேசையில் அருகருகே வைத்து, மல்டிமீட்டரின் ஒலிச் சோதனையில் (இரு முனைகளும் இணைந்திருந்தால் ஒலிக்கும்) பார்த்தேன். தடிமனான முனை சாட்டா இணைப்புக்குள் நுழையாததால் ஒரு மெல்லிய ஊசியைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. புதிய கேபிளில், பவர் சப்ளைப் பக்கத்து இணைப்பின் மேல் இடது மூலை, சாட்டா முனையின் ஓரத்தில் உள்ள 12 வோல்ட் தொடுமுனைகளோடு ஒலிக்கிறது. பழைய கேபிளில் அதே மூலை, நடுவில் உள்ள 5 வோல்ட் தொடுமுனைகளோடு ஒலிக்கிறது. பார்வைக்கு இரண்டுக்கும் துளி வித்தியாசம் இல்லை.

புதிய கேபிளில் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் மாட்டினாலும் அதே கால் சுற்று நாடகம்தான். சாட்டா எஸ்எஸ்டியை மட்டும் மாட்டினால் கணினி தொடங்குகிறது, ஆனால் எஸ்எஸ்டி பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புத் திரையில்) தெரியவில்லை. எஸ்எஸ்டியில் இருந்தவை திரும்ப இறக்கிக்கொள்ளக்கூடியவை. படங்கள்தான் கவலை.

பதில் 2

ஹார்ட் டிஸ்க் ஷார்ட்டாகக் காட்டுவது இந்த நிலையில் நல்ல செய்தி. அதன் அடியில் உள்ள பச்சைப் போர்டில், மின் இணைப்புக்கு அருகே, பெரும்பாலும் இரண்டு பாதுகாப்பு டையோடுகள் இருக்கும். ஒன்று 5 வோல்ட் தடத்துக்கு, மற்றொன்று 12 வோல்ட் தடத்துக்கு. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் வரும்போது தன்னையே ஷார்ட்டாக்கிக்கொண்டு உள்ளே இருப்பவற்றைக் காப்பதற்காகவே அவை வைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் விஷயத்தில் 5 வோல்ட் டையோடு உயிரை விட்டிருக்க வேண்டும். டிஸ்க்கைக் கழற்றி வைத்து இரண்டின் குறுக்கேயும் ஓம் அளந்தால், ஒன்று பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். மற்ற உறுப்புகள் தப்பியிருந்தால், அந்த ஒரு டையோடை எடுத்துவிட்டாலே டிஸ்க் ஓடும். ஆனால் அதன் பிறகு அதற்குப் பாதுகாப்புக் கிடையாது. படங்களை நகலெடுப்பதோடு அந்த டிஸ்க்கின் வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டுக்கோல் பிடித்துப் பழக்கம் இல்லையென்றாலோ, வேறு நகல் எங்குமே இல்லையென்றாலோ, தகவல் மீட்பில் அனுபவம் உள்ளவரிடம் கொடுப்பதே மேல். அதே மாடல் டிஸ்க்கின் போர்டை வாங்கி மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் உள்ள ஒரு சிறு சில்லில் இருப்பதால், அதையும் பெயர்த்து வைக்காமல் புதிய போர்டு பெரும்பாலும் பயன்படாது.

பதில் 1

மதர்போர்டைக் குற்றம் சாட்டியதற்கு அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பழைய பவர் சப்ளையைப் பற்றி ஒரு எச்சரிக்கை: எது வெடித்தது என்று பார்க்கும் ஆர்வத்தில் அதைத் திறக்க வேண்டாம். உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர் 400 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தத்தில் இயங்குவது. வெடித்த பவர் சப்ளையில் அதன் மின்னூட்டம் வடிவதற்கான வழியும் அறுந்திருக்கக்கூடும்.

கேள்வி கேட்டவர்

எலெக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் டையோடை எடுத்துக்கொடுத்தார். அளந்தபோது 0.4 ஓம் காட்டியது. பக்கத்தில் இருந்த மற்றொன்று நன்றாக இருந்தது. டிஸ்க் வழக்கமான முனகலோடு சுழலத் தொடங்கியது. நேற்று இரவு முழுவதும் நகலெடுத்து, இன்று காலை எல்லாப் படங்களும் திறக்கின்றன என்பதைப் பார்த்துவிட்டேன். எஸ்எஸ்டி எழவில்லை. பழைய கேபிள்களை மீண்டும் யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி, ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டிக் குப்பையில் போட்டாயிற்று.