ஒரே மெயில் ஐடி, ஐந்து சிஸ்டம்: பாஸ்வேர்டை எல்லோருக்கும் கொடுக்காமல் முடியுமா?

பனியன்_கணக்கு:
திருப்பூரில் சின்ன எக்ஸ்போர்ட் ஆபீஸ். பையர்களோடு பேசுவதெல்லாம் ஒரே ஜிமெயிலில்தான். மெர்ச்சண்டைசர் (பையர் ஆர்டர்களைக் கவனிப்பவர்) மூன்று பேர், ஷிப்பிங் பார்க்கும் அண்ணன், அக்கவுண்ட்ஸில் நான். ஐந்து சிஸ்டத்திலும் அதே பாஸ்வேர்டு குரோமில் சேவ் ஆகியிருக்கிறது. ஓடிபி முதலாளி போனுக்குப் போகும்; அவர் டையிங்கில் (சாயப்பட்டறையில்) இருந்தால் போன் எடுக்க மாட்டார். போன மாதம் ஒரு மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போனார். பாஸ்வேர்டு இன்னும் அதேதான். "ஷிப்மென்ட் முடியட்டும், அப்புறம் மாற்றலாம்" என்கிறார் முதலாளி. வேறு வழி உண்டா?

கேபிள்_குமார்:
அவுட்லுக் போட்டு, அது மெயில்களைச் சேமிக்கும் பிஎஸ்டி ஃபைலை ஷேர்டு டிரைவில் வையுங்கள். எல்லோரும் அங்கிருந்தே திறக்கலாம்.

சர்வர்_ரூம்:
குமார், வேண்டாம். நெட்வொர்க்கில் வைத்த பிஎஸ்டி சீக்கிரம் கெட்டுப்போகும், ஒரே நேரத்தில் இரண்டு பேர் திறக்கவும் முடியாது.

பனியன்_கணக்கு, ஜிமெயிலிலேயே டெலிகேட் வசதி இருக்கிறது; பாஸ்வேர்டு கொடுக்காமலே மற்றவர்களை உங்கள் மெயிலுக்குள் விடலாம். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் ஒவ்வொருவருடைய சொந்த ஜிமெயில் ஐடியையும் சேருங்கள். சாதாரண ஜிமெயிலில் 10 பேர் வரை சேர்க்கலாம். அவர்கள் மெயில் படிப்பார்கள், அனுப்புவார்கள். பாஸ்வேர்டை மாற்ற முடியாது. யார் அனுப்பியது என்று மெயிலில் காட்டவும் செய்யலாம். ஒருவர் விலகினால் அவர் பெயரை மட்டும் எடுத்தால் போதும். முதலாளியைத் தொந்தரவு செய்யவும் வேண்டாம்.

ஆனால் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள், ஷிப்மென்ட் இருந்தாலும். மாற்றிய கையோடு ஃபில்டர் (வரும் மெயிலைத் தானாகப் பிரிக்கும் விதிகள்), ஃபார்வர்டிங் (மெயிலை வேறு ஐடிக்குத் தானாக அனுப்புவது) இரண்டையும் பாருங்கள். யாராவது முன்பே ஃபார்வர்டிங் வைத்திருந்தால், பாஸ்வேர்டு மாறிய பிறகும் மெயில் அவருக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். உங்கள் தொழிலில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்: புரொஃபார்மா இன்வாய்ஸை (பையருக்கு முன்கூட்டியே அனுப்பும் பில்) படித்துவிட்டு, "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது" என்று பையருக்குப் போலி மெயில் அனுப்புவார்கள். அக்கவுண்டை மீட்க உதவும் ரெக்கவரி போன் நம்பர் யாருடையது என்றும் பாருங்கள்.

பனியன்_கணக்கு:
நன்றி. டெலிகேட் அவுட்லுக்கில் வருமா? ஷிப்பிங் அண்ணன் அதை விடமாட்டார்.

சர்வர்_ரூம்:
வராது, பிரவுசரில் திறக்க வேண்டும். அவர் அவுட்லுக்கில் பாப் (POP, மெயிலைச் சிஸ்டத்துக்கு இறக்கும் முறை) போட்டிருந்தால் அதையும் எடுங்கள். செட்டிங்கைப் பொறுத்து, அவர் சிஸ்டத்துக்கு இறங்கிய மெயில் இன்பாக்ஸிலிருந்து காணாமல் போகலாம். அப்புறம், விண்டோஸிலும் ஆளுக்கொரு லாகின். டீ குடிக்கப் போகும்போது விண்டோஸ் கீயும் L கீயும் சேர்த்து அழுத்தி, ஸ்கிரீனை லாக் செய்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

பனியன்_கணக்கு:
ஃபார்வர்டிங்கில் தெரியாத ஐடி ஒன்று இருக்கிறது. முதலாளிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.