காது ஜில்லென்றிருந்தால் குதிரைக்குக் குளிரா?

வல்லநாட்டு வண்டிக்காரன்:
"குற்றாலச் சாரல்" நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் எழுதியது இதுதான்: "மார்கழி பிறந்தால் நம்ம திருநெல்வேலிச் சீமைக் குதிரைக்கும் 200 கிராம் பஞ்சுப் போர்வை கட்டாயம். விடிகாலையில் காதைப் பிடித்துப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் அதற்குக் குளிர்கிறது."

இதை நம்பி எங்கள் தெருப் பையன் ஒருவன் போர்வை வரவழைத்து மட்டக்குதிரைக்குப் போட்டுவிட்டான். இன்று காலை போய்ப் போர்வைக்குள் கையை விட்டேன். முதுகெல்லாம் வியர்வை, முடி நனைந்து ஒட்டிக் கிடக்கிறது. அப்புறம் காதைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது! உடம்பு வேகுது, காது ஜில்லுனு இருக்கு. இனிமேலும் காதைப் பிடித்துப் பார்க்கச் சொல்வீர்களா?

குற்றாலச் சாரல்:
அண்ணாச்சி, நான் ஊட்டியில் பத்து வருஷம் குதிரையோடு கிடந்தவன். டிசம்பர், ஜனவரியில் அங்கே புல்மேல் உறைபனி படியும். குளிர் ஏறினால் உடம்பு ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். முதலில் சூடு குறைவது காதும் காலும்தான். அதனால்தான் காதைப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பையன் பகலிலும் போர்வையைக் கழற்றவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்வது?

வல்லநாட்டு வண்டிக்காரன்:
ராத்திரி போட்டு காலையில் பார்த்தது. பகல் பேச்சே இல்லை.

காதில் சூடு முதலில் குறையும் என்று நீங்களே சொல்கிறீர்கள். சரி. அப்படியானால் உள்ளே உடம்பு நன்றாக இருக்கும்போதே காது ஜில்லென்று ஆகிவிடும், இல்லையா? அது எப்படிக் குளிருக்கு அடையாளம்? பிடரி முடிகிற மேட்டுக்குப் பின்னால், தோள்பட்டைக்கு மேலே உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே கதகதப்பாக, ஈரமில்லாமல் இருந்தால் குதிரை நன்றாக இருக்கிறது. ஈரம் இருந்தால் போர்வையை எடுத்து எறியுங்கள்.

நல்ல உடம்போடு இருக்கும் குதிரைக்கு 5 டிகிரியிலிருந்து 25 டிகிரி வரை பெரிய தொந்தரவு கிடையாது. பாளையங்கோட்டையில் மார்கழி ராத்திரி 22, 23 டிகிரி. நமக்கு மங்கி குல்லா வேண்டியிருக்கிறது என்பதற்காகக் குதிரைக்கும் வேண்டுமா?

பாளை லாடம்:
200 கிராம் என்கிறீர்களே, அது போர்வையோட எடையா? நான் வாங்கினது தூக்கவே மூணு கிலோ இருக்கும் போல.

குற்றாலச் சாரல்:
போர்வையின் எடை இல்லை தம்பி. ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பஞ்சு என்பதுதான் அது. பஞ்சே இல்லாத வெறும் மழைப்போர்வையும் உண்டு. 100, 200, 300 என்று போகும். வெளித்துணியை டெனியர் என்ற கணக்கில் சொல்வார்கள், 600, 1200 என்று. அது கூடினால் முள்ளில் மாட்டினாலும் சுலபமாகக் கிழியாது. அண்ணாச்சிக்கு இதெல்லாம் தெரியுமோ என்னமோ, சாக்கைத் தவிர வேறு எதையும் அவர் போட்டதில்லை.

வல்லநாட்டு வண்டிக்காரன்:
ஆமாம், சாக்குதான். எங்க அப்பா காலத்திலிருந்து வண்டிக்குதிரை ஓடிவந்தால் வியர்வையைத் துடைத்து, அடியில் வைக்கோல் பரப்பி, மேலே சாக்கைப் போட்டு ஆறவிடுவோம். காற்று உள்ளே போகும், ஈரம் வெளியே வரும். காய்ந்ததும் எடுத்துவிடுவோம். ஒரு குதிரைக்கும் சளி பிடித்ததில்லை. அதை இளக்காரமாகப் பேச வேண்டாம்.

இன்னொன்று கேளுங்கள். குதிரைக்குக் குளிர்கால முடி வளர்வது முக்கியமாகப் பகல் நேரம் குறைவதை வைத்து. இங்கிலாந்தில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். அங்கே கரடி மாதிரி முடி வரும். நம்ம ஊரில் வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். முடி லேசாகத்தான் வரும், அதுவே இந்தப் பனிக்குப் போதும். அந்த முடி சிலிர்த்து நின்று நடுவில் காற்றைப் பிடித்து வைக்கும். மேலே கனமான போர்வையைப் போட்டு அமுக்கினால் முடி எப்படி நிற்கும்? இவ்வளவையும் விட்டுவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

செங்கோட்டை மேகம்:
எங்க பக்கம் ஆனி ஆடியில் வந்து ஒரு ராத்திரி நின்று பாருங்கள் அண்ணாச்சி. கணவாய்க் காற்றும் சாரலும் சேர்ந்து அடிக்கும்போது குதிரை வாலைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு குறுகி நிற்கும். நனைந்த முடி சூட்டைப் பிடிக்காது. பஞ்சு வேண்டாம், மழைப்போர்வையாவது வேண்டும்தானே?

வல்லநாட்டு வண்டிக்காரன்:
மழைப்போர்வை வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? நம்ம ஊரில் எதிரி ஈரம்தான், குளிர் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஆற்றங்கரைப் பக்கம் இரண்டு நாள் நனைந்து நின்ற குதிரைகளுக்கு அப்புறம் முதுகில் பொருக்கு பொருக்காக முடி உதிர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஈரத்தோலில் கிருமி பிடித்து வருவது அது. ஈரச்சாக்கை மேலே போட்டு வைத்திருந்தவர்களின் குதிரைக்கு இன்னும் மோசம். ஒழுகாத கூரையும் காய்ந்த தரையும்தான் முதல் வேலை.

ஆனால் என் சண்டை மழைப்போர்வையோடு இல்லை. காதோடுதான். காது தப்பு என்று சாரல் ஒத்துக்கொள்ளட்டும்.

குற்றாலச் சாரல்:
ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊட்டியில் வயசான குதிரைக்காரர்கள் எல்லாருமே காதைத்தான் பிடித்துப் பார்ப்பார்கள். அவர்களெல்லாம் மடையர்களா?

அப்புறம், "நம்ம ஊர், நம்ம ஊர்" என்கிறீர்களே, வல்லநாடு 1986லேயே தூத்துக்குடி மாவட்டமாகிவிட்டது. திருநெல்வேலிக் குதிரையைப் பற்றிப் பேச நீங்கள் யார்?

வல்லநாட்டு வண்டிக்காரன்:
குற்றாலம் மட்டும் எங்கே இருக்கிறது? 2019லிருந்து தென்காசி மாவட்டம். கோடு போட்டவர்கள் போட்டுவிட்டுப் போகட்டும், நான் குடிக்கிறது தாமிரபரணித் தண்ணீர். என் குதிரையும் அதைத்தான் குடிக்கிறது.

கொள்ளுப்பானை:
மாவட்டச் சண்டை எதுக்கு? ரெண்டு படி கொள்ளை வேகவைத்துப் போடுங்க. உடம்பு தானா சூடாகும். போர்வையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

செங்கோட்டை மேகம்:
ஒரேயடியாக ரெண்டு படி போட்டால் வயிற்றுவலியில் உருண்டு செத்துப்போகும். யாரும் இதைக் கேட்டுச் செய்துவிடாதீர்கள். சூடு தருவது புல்லும் வைக்கோலும்தான். பெருங்குடலில் நார் புளிக்கும்போது சூடு வருகிறது. ராத்திரிக்கு ஒரு கட்டுப் புல் கூடுதலாகப் போட்டால் போதும்.

கொள்ளுப்பானை:
எங்க தாத்தா போட்டார். எதுவும் சாகவில்லை.

பாளை லாடம்:
என் போர்வை தோளில் உரசி முடி போய்விட்டது. அளவு தப்பா?

செங்கோட்டை மேகம்:
நெஞ்சின் நடுவிலிருந்து பக்கவாட்டில் வால் வரைக்கும் நாடா பிடித்து அளக்க வேண்டும். அந்த நீளம்தான் போர்வை அளவு. இங்கே விற்பதில் பாதி வெளிநாட்டுப் பெரிய குதிரை அளவு. மட்டக்குதிரைக்குப் போட்டால் பின்னால் சரிந்து தோளை இழுக்கும்.

வல்லநாட்டு வண்டிக்காரன்:
அந்தத் தம்பிக்கு அளவு சொன்னது நல்லது. ஆனால் பேச்சை மாற்ற விடமாட்டேன். சாரலிடம் இருப்பது மார்வாரிக் குதிரை. காது உள்பக்கம் வளைந்து நுனி இரண்டும் ஒன்றையொன்று தொடும். பாலைவனத்துச் சாதி, மெல்லிய காது. அது ஜில்லென்றுதான் இருக்கும்! குளிர்கிறதா என்று உண்மையிலேயே தெரிய வேண்டுமானால் நடுங்குகிறதா பாருங்கள், புல் தின்கிறதா பாருங்கள். காய்ச்சல்மானி வையுங்கள். 37.5க்கும் 38.5க்கும் நடுவில் இருந்தால் குதிரை சரியாக இருக்கிறது.

குற்றாலச் சாரல்:
குதிரையின் சாதியைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள். போன போட்டியில் கொடி அசைவதற்கு முன்னால் வண்டியை விட்டது யார் என்று எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு நடுவர் காதில் என்ன ஓதினீர்களோ.

வல்லநாட்டு வண்டிக்காரன்:
கொடி அசைந்த பிறகுதான் விட்டேன். என் சாரதியைக் கேளுங்கள். தோற்ற வயிற்றெரிச்சலை வைத்துக்கொண்டுதான் காதைப் பிடித்துத் தொங்குகிறீர்கள் என்று இப்போது புரிகிறது.

பந்தயம் கிடக்கட்டும். நாளை விடிகாலை நாலு மணிக்கு உங்கள் லாயத்துக்கு வருகிறேன். ஒரு கையைக் காதில் வைப்போம், ஒரு கையைப் போர்வைக்குள் தோளில் வைப்போம்.

குற்றாலச் சாரல்:
வாருங்கள். ஆனால் மோட்டார் சைக்கிளில் பனிக்காற்றில் வந்த கையோடு தொட்டால் காது சூடாகத்தான் தெரியும். அரைமணி நேரம் கையைச் சூடாக்கிவிட்டுத் தொடுங்கள்.

வல்லநாட்டு வண்டிக்காரன்:
பார்த்தீர்களா? கை குளிர்ந்தால் காது சூடு, கை சூடானால் காது குளிர். இதைத்தானே நேற்றிலிருந்து சொல்கிறேன்!

குற்றாலச் சாரல்:
அது உங்கள் கையின் கோளாறு. காதின் கோளாறு இல்லை.