சிப் செய்தால் பந்து நிற்காமல் ஓடுகிறது: எந்தப் பந்து வாங்குவது?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)
வணக்கம். வாரக் கடைசிகளில் கோல்ஃப் ஆடுகிறேன். டிரைவரில் (நெடுந்தூரம் அடிக்கும் மட்டை) அடித்தால் பந்து வலப்பக்கம் வளைந்து போகிறது. அதைவிடப் பெரிய தொல்லை கிரீன் (குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரை) அருகில்தான். 20 மீட்டரிலிருந்து சிப் செய்தால் (மெதுவாகத் தூக்கி அடித்தால்) பந்து குழியைத் தாண்டி மறுகரைக்கே ஓடிவிடுகிறது. குளத்திலிருந்து எடுத்து விற்கும் பழைய பந்துகளை மொத்தமாக வாங்கி ஆடுகிறேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை. விலை உயர்ந்த பந்து வாங்கினால் இரண்டும் சரியாகுமா?

பதில் (ரிசர்வார் ஹில்ஸ்)
தம்பி, இரண்டையும் ஒரே முடிச்சாகப் போடாதீர்கள். டிரைவரில் பந்து வளைவது மட்டையின் முகம் அது வரும் பாதைக்குத் திறந்திருப்பதால். சுழற்சி குறைந்த பந்து அந்த வளைவைச் சற்றே குறைக்கும், நோயைத் தீர்க்காது. அந்தப் பணத்தைப் பயிற்சியாளரிடம் கொடுங்கள்.

சிப் ஓடுவதில் பந்துக்கு உண்மையிலேயே பங்கு உண்டு. மேல்தோலைப் பாருங்கள். விலை மலிந்த இரண்டு அடுக்குப் பந்துகளில் பெரும்பாலும் அயனோமர் என்ற பிளாஸ்டிக் தோல்: கெட்டியானது, எளிதில் கீறாது. டைட்லிஸ்ட் புரோ வி1, ஸ்ரிக்ஸன் இசட்-ஸ்டார் போன்ற விலை உயர்ந்த பந்துகளில் அதைவிட மென்மையான யூரித்தேன் தோல். வெட்ஜ் (சிப் செய்யும் மட்டை) முகத்திலுள்ள கோடுகள் அதைக் கவ்விப் பிடிப்பதால் பின்சுழற்சி கூடுகிறது, பந்து விழுந்ததும் அடங்குகிறது. பெட்டியில் ‘சாஃப்ட்’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அந்த மென்மை பெரும்பாலும் உள்கருவின் மென்மை. தோல் அயனோமராக இருந்தால், கைக்கு இதமாக இருந்தாலும் பந்து ஓடத்தான் செய்யும்.

பயிற்சிக் கிரீனில் ஒரு துண்டை விரியுங்கள். ஒரே வெட்ஜால், இரு வகைப் பந்துகளையும் மாற்றி மாற்றித் துண்டின் மேல் விழும்படி சிப் செய்யுங்கள். துண்டிலிருந்து எவ்வளவு ஓடுகிறது என்று அடியால் அளந்து பாருங்கள். கடைக்காரர் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும். எந்த வகை பிடித்தாலும் அதையே தொடர்ந்து ஆடுங்கள். நாலு வகைப் பந்தைக் கலந்து ஆடுகிறவருக்கு எவ்வளவு ஓடும் என்ற கணக்கு கையில் ஏறவே ஏறாது.

பதில் (லெனேசியா, ஜோஹன்னஸ்பர்க்)
அண்ணன் சொல்வது சரி. எனக்கும் ஒரு சந்தேகம். இங்கே நன்றாகப் பறக்கும் என் பந்து, டர்பனுக்கு வந்தால் தூரம் குறைகிறது, ஒரு மட்டை கூட்டி அடிக்க வேண்டியிருக்கிறது. கடற்கரை ஈரக்காற்று கனமாக இருப்பதாலா? வேறு பந்து வேண்டுமா?

பதில் (ரிசர்வார் ஹில்ஸ்)
பந்தைக் குறை சொல்லாதீர்கள். ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிடச் சற்று இலேசானதுதான். உயரம்தான் காரணம். ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்று அடர்த்தி குறைவு, பந்துக்குத் தடையும் குறைவு. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு தூரம் கூடும். வளைவும் அங்கே குறையும் என்பதால், அங்கே நேராகப் போன பந்து இங்கே வளைந்தால் வியப்பில்லை. டர்பனில் வடகிழக்குக் காற்றை எதிர்த்து அடிக்கும்போது சுழற்சி மிகுந்த பந்து மேலே எழும்பி நின்றுவிடும். இங்கே அடிக்கடி ஆடுவதானால் தாழப் பறக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி அண்ணா. துண்டு விரித்துப் பார்த்தேன். யூரித்தேன் பந்து இரண்டு மூன்று எட்டில் அடங்கிவிட்டது, மற்றது கிரீன் முழுக்க ஓடியது. ஆனால் கிக்குயு புல் அடர்ந்த ரஃபிலிருந்து (வெட்டாமல் உயரமாக விட்ட புல்) அடித்தால் இரண்டும் ஒரே மாதிரி ஓடுகின்றன. ஏன்? இன்னொன்று: அப்பாவின் பழைய பையில் சற்றுச் சிறிய பந்துகள் கிடைத்தன. எதிர்காற்றில் அற்புதமாகப் போகின்றன. ஆடலாமா?

பதில் (ரிசர்வார் ஹில்ஸ்)
கிக்குயு இலை மட்டைக்கும் பந்துக்கும் நடுவில் சிக்கி நசுங்குகிறது, அதன் சாறு முகத்தை வழுக்கலாக்குகிறது. கோடுகள் கவ்வ வழியில்லை. அங்கே எந்தப் பந்தும் காப்பாற்றாது. ஓட்டத்தையும் கணக்கில் சேர்த்து முன்னாலேயே விழவிடுங்கள்.

அப்பாவின் பந்து 1.62 அங்குல (சுமார் 41 மில்லிமீட்டர்) விட்டமுள்ள பழைய பந்தாக இருக்கும். நம் இந்திய வம்சாவளி கோல்ஃப் வீரர் பப்வா சேகோலம் 1963இல் நேட்டால் ஓப்பன் போட்டியை வென்று, நிறவெறி காரணமாகக் கிளப்புக்கு வெளியே, மழையில் கோப்பை வாங்கினாரே, அந்தக் காலத்தில் அது செல்லும். 1990இல் விதி மாறியது. இப்போது விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, எடை 45.93 கிராமை மிஞ்சக்கூடாது. பயிற்சியில் அடித்துப் பாருங்கள், போட்டியில் எடுக்காதீர்கள்.

பழைய பந்தே வாங்குவதானால் ஒரே வகையாகப் பிரித்து விற்பவரிடம் வாங்குங்கள். மேலே புதுச் சாயம் பூசியதைத் தொடாதீர்கள்: சாயம் பந்தின் மேலுள்ள சின்னக் குழிகளை நிரப்பிப் பறப்பதைக் கெடுத்துவிடும்.