பைக் ஓட்டும்போது இயர்பிளக்: எது பொருந்தும், எங்கே தவறுகிறது

பைக்கில் காதைக் கெடுப்பது என்ஜினும் சைலன்சரும்தான் என்று நினைப்பவர்கள் அதிகம். ஏறத்தாழ 65 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிட்டால் ஹெல்மெட்டைச் சுற்றிச் சுழலும் காற்றின் இரைச்சல் என்ஜின் சத்தத்தை மூழ்கடித்துவிடும். 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள்ளேயே, காதருகில், 95 முதல் 100 டெசிபல் வரை சாதாரணமாக வரும். விலை கூடிய ஹெல்மெட் வாங்கினாலும் இதில் பெரிய மாற்றம் இருக்காது. ஹெல்மெட் மண்டையைக் காக்கச் செய்த பொருள், ஒலியைத் தடுக்க அல்ல.

அமெரிக்காவில் தொழிலாளர் நலம் பற்றி ஆராயும் நியோஷ் நிறுவனத்தின் கணக்கு இது: 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-க்கு 1 மணி நேரம், 97-க்கு 30 நிமிடம், 100-க்கு 15 நிமிடம். முதல் டீக்கடையில் வண்டியை நிறுத்துவதற்குள் அன்றைய அளவு தீர்ந்துவிடும். வண்டியை விட்டு இறங்கியபின் காதில் ‘ஙொய்’ என்று ஒலித்து, காலையில் சரியாகிவிட்டால் ஒன்றுமில்லை என்று விடாதீர்கள். உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை.

காதை அடைக்கும் இயர்பிளக்கில் எதை வாங்குவது? நீண்ட நேரம் வேகமாக ஓட்டுபவர்கள் முதலில் சாதாரண ஃபோம் பிளக்கையே (உருட்டிச் செருகினால் காதுக்குள் விரியும் பஞ்சு போன்ற வகை) முயன்று பாருங்கள். காற்றிரைச்சலின் பெரும்பகுதி 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அடித்தொண்டை உறுமல் போல இருக்கும். அதைத் தடுப்பதில் ஆழமாகப் பொருந்திய ஃபோமுக்கு இணை குறைவு.

* * *

மேலே சொன்னதில் ‘ஆழமாகப் பொருந்திய’ என்ற இரண்டு சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. பாக்கெட்டில் போட்டிருக்கும் எண்ணை வைத்து வாங்கிவிட்டு, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செருகி, “இது வேலை செய்யவில்லை” என்று தூக்கிப் போடுகிறார்கள். சிறு கசிவு இருந்தாலும் முதலில் உள்ளே வருவது தாழ்ந்த ஒலிதான். அதாவது நமக்கு வேண்டாத அதே காற்றிரைச்சல். உயர்ந்த ஒலி மட்டும் அடைபடும். ஆகவே அரைகுறையாகச் செருகியவருக்கு எதிரே இருப்பவர் பேச்சும் புரியாது, இரைச்சலும் குறையாது.

செருகும் முறை இதுதான். கையைக் கழுவித் துடையுங்கள். ஈரக்கையில் ஃபோம் சரியாகச் சுருளாது. விரல்களுக்கிடையே மெதுவாக உருட்டி, மடிப்பு விழாமல், முடிந்தவரை மெல்லிய குச்சி போல ஆக்குங்கள். மடிப்பு விழுந்தால் அந்த வரி வழியாகவே ஒலி கசியும். வலது காதுக்கு வலது கையால் செருகுவதென்றால், இடது கையைத் தலைக்கு மேலாக வளைத்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடியுங்கள். காதுக் குழாய் வளைந்தது, இழுத்தால்தான் நேராகும். இழுக்காமல் திணித்தால் முதல் வளைவிலேயே முட்டி நின்றுவிடும். உருட்டியதும் தாமதிக்காமல் உள்ளே விட்டு, முனையை விரலால் 30 முதல் 40 நொடி அழுத்திப் பிடித்திருங்கள். குளிர் நாளில் ஃபோம் மெதுவாகத்தான் விரியும், ஒரு நிமிடம்கூட ஆகலாம்.

சரியா என்று பார்க்க இரண்டு வழி. கண்ணாடியில் நேராகப் பார்த்தால் பிளக்கின் முனை தெரியக் கூடாது. அடுத்து, என்ஜின் ஓடும்போது இரு உள்ளங்கைகளையும் குவித்துக் காதுகளைப் பொத்தி எடுங்கள். பொத்தும்போதும் எடுக்கும்போதும் சத்தம் ஒரே மாதிரி இருந்தால் சரி. பொத்தியவுடன் இன்னும் அமைதியானால் அந்தப் பிளக் மூடவில்லை, எடுத்துவிட்டு மறுபடி செருகுங்கள். ஒரு காதுக்கு ஒழுங்காக வந்து மறு காதுக்கு வராமல் போவது மிகச் சாதாரணம். இரண்டு குழாய்களும் ஒரே அளவில் இருப்பதில்லை.

* * *

ஒரு பிளக் எத்தனை டெசிபல் குறைக்கும் என்று பாக்கெட்டில் போடும் எண்கள் பற்றிக் கொஞ்சம். என்.ஆர்.ஆர். என்பது அமெரிக்க அளவு, எஸ்.என்.ஆர். என்பது ஐரோப்பிய அளவு. ஒரே பிளக்குக்கு இரண்டும் வேறு வேறு. ஹோவர்ட் லைட் மேக்ஸ் என்ற ஃபோம் பிளக் என்.ஆர்.ஆரில் 33, எஸ்.என்.ஆரில் 37. ஒன்றின் 33-ஐ மற்றதன் 37-ஓடு ஒப்பிட்டு ‘இது உசத்தி’ என்று வாங்காதீர்கள். ஆய்வகத்தில் வல்லவர்கள் செருகி அளந்த எண்ணும் நாம் அவசரத்தில் செருகுவதும் ஒன்றல்ல. ஃபோம் பிளக்குகளுக்கு எழுதியிருப்பதில் பாதியைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறது நியோஷ். 33 என்றால் கையில் நிற்பது 16 சொச்சம். அதுவே 100 டெசிபலை 84-க்குக் கொண்டுவரும், போதும்.

எண் பெரிதாக இருப்பதற்காகவே மேக்ஸ் வாங்கிச் சின்னக் காதில் திணிப்பது வீண் வேலை. ஒரு மணி நேரத்தில் குழாய்ச் சுவர் வலிக்கத் தொடங்கும், ஓட்டுபவர் நடுவழியில் பிடுங்கிவிடுவார். அழுத்தம் குறைந்த மேக்ஸ் லைட் என்.ஆர்.ஆர். 30, லேசர் லைட் 32, 3எம் 1100 என்பது 29. இந்த வித்தியாசங்கள் செருகும் தவறுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இரண்டு மூன்று வகையில் ஒவ்வோர் இணை வாங்கி, ஹெல்மெட்டோடு வீட்டில் இரண்டு மணி நேரம் போட்டுப் பாருங்கள். அப்போதுதான் பிளக்கின் வெளி முனை ஹெல்மெட்டின் உள்துணியில் உரசுகிறதா என்பதும் தெரியும். உரசினால் ஒவ்வொரு தலையாட்டலுக்கும் ‘கிர்ர்’ என்று கேட்கும், பிளக்கும் உள்ளே தள்ளப்படும்.

இன்னொன்று பலர் கணக்கில் எடுப்பதில்லை. 8 மணி நேரப் பயணத்தில் 30 நிமிடம் பிளக் இல்லாமல் ஓட்டினால், மீதி ஏழரை மணி நேரமும் 30 டெசிபல் பிளக் போட்டிருந்தாலும், மொத்தத்தில் கிடைத்த காப்பு 12 டெசிபல்தான். “ஊரைத் தாண்டியதும் போட்டுக்கொள்ளலாம்” என்பதன் விலை அது. ஹெல்மெட் மாட்டும் முன்பே போடுங்கள்.

* * *

ஃபோமே எல்லாருக்கும் என்று முடித்துவிட வேண்டாம். நகருக்குள் 40, 50-இல் ஓடுபவருக்கு அவ்வளவு அடைப்பு தேவையில்லை, அவர் பேச்சும் ஹார்னும் தெளிவாகக் கேட்க விரும்புவார். அவர்களுக்கு ஃபில்டர் வைத்த சிலிக்கான் பிளக் நல்லது. அதன் நடுவில் ஒரு சிறு துளையும் தடுப்பும் இருக்கும். ஒலியை அடைத்துவிடாமல், பல சுருதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். ஃபோம் உயர்ந்த ஒலியை அதிகம் விழுங்குவதால்தான் பேச்சு கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில், தாழ்ந்த காற்றிரைச்சலைத் தடுப்பதில் ஃபில்டர் வகை ஃபோமைவிடப் பின்தங்கும் என்பது உண்மை. ‘காற்றிரைச்சலுக்கென்றே’ என்று எழுதியிருந்தால் எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு என்ற பட்டியலைப் பாருங்கள். 125, 250, 500-க்கான எண்களே உங்களுக்கு முக்கியம்.

பிளக் போட்டால் சைரன் கேட்காது என்ற பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். பிளக் சைரனையும் இரைச்சலையும் சேர்த்தே குறைக்கிறது. 100 டெசிபலில் திணறும் காதுக்கு, 80-இல் ஒலிகளைப் பிரித்தறிவது எளிது. ஏற்கனவே செவித்திறன் குறைந்தவர்களுக்கு மட்டும் இது பொருந்தாமல் போகலாம். அவர்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது.

* * *

அவரவர் காதை அச்செடுத்து, அளவுக்குச் செய்யும் பிளக்கும் உண்டு. காது மடலோடு சமமாக உட்காருவதால் ஹெல்மெட் அழுத்தாது, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பொருந்தும். நாள் முழுதும் ஓட்டுபவருக்கு அதைவிட வசதியானது கிடையாது. குழாயின் உள்ளே நூல் கட்டிய சிறு ஃபோம் தடுப்பு வைத்து, அதன்மேல் சிலிக்கான் கலவையை ஊற்றி அச்செடுப்பார்கள். அந்தத் தடுப்பு இல்லாமல் யார் ஊற்ற வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள், கலவை செவிப்பறையைத் தொட்டுவிடும். அச்செடுக்கும்போது வாயைத் திறந்து கட்டையைக் கடித்திருக்கச் சொல்வது நல்ல பழக்கம். தாடை அசையும்போது குழாயின் வடிவம் மாறுகிறது. வாய்மூடி எடுத்த அச்சில் செய்த பிளக், ஹெல்மெட்டுக்குள் பேசும்போதும் கொட்டாவி விடும்போதும் விலகிக் கசியும். பிளக்கில் சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. உடல் எடை வெகுவாக ஏறி இறங்கினாலோ, சில ஆண்டுகள் ஆனாலோ மறுபடி அளவெடுக்க வேண்டியிருக்கும்.

* * *

ஹெல்மெட் மாட்டும்போதே பிளக் நகர்ந்துவிடுகிறது என்று கேட்பவர்களுக்கு: தாடைப் பட்டைகளை இரு பக்கமும் நன்றாக வெளியே இழுத்து விரித்து, நேராக இறக்குங்கள். மடல் மடங்கினால் பிளக்கின் ஒரு ஓரம் திறந்துவிடும். கண்ணாடி அணிபவர்கள் ஹெல்மெட்டுக்குப் பிறகு கண்ணாடியைச் செருகுங்கள்.

நல்ல பிளக் போட்டும் இரைச்சல் குறையவில்லை என்றால் வண்டியின் காற்றுத் தடுப்பைப் பாருங்கள். அதன் மேல்விளிம்பிலிருந்து கிளம்பும் சுழற்காற்று ஹெல்மெட்டில் நேராக மோதினால் தடதடவென்று அடிக்கும். பாதுகாப்பான காலிச் சாலையில் கொஞ்சம் நிமிர்ந்தும் குனிந்தும் பாருங்கள். எந்த உயரத்தில் சத்தம் மாறுகிறது என்பது தெரிந்தால் காற்றுத் தடுப்பை உயர்த்துவதா, இறக்குவதா என்பதும் தெரிந்துவிடும்.

கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். நன்றாக மூடிய பிளக் உள்ளே வெற்றிடம் உண்டாக்கிச் செவிப்பறையை இழுக்கும். மெதுவாகத் திருகி, காற்று புகுந்தபின் எடுங்கள். மலையிறக்கத்தில் காது அடைத்துக் குத்தினாலும் ஓரமாக நிறுத்தி இப்படித் திருகி எடுத்து, மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

ஃபோமைக் கழுவிப் பயன்படுத்த முயலாதீர்கள், விரியும் தன்மை கெட்டுவிடும். அழுக்கேறினாலோ, உருட்டியதும் உடனே விரிந்துவிட்டாலோ தூக்கிப் போடுங்கள். சிலிக்கானை மிதமான சோப்பு நீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள், ஃபில்டர் கழன்று வருமானால் அதைத் தனியே எடுத்துவிட்டு. காதில் சீழ், அரிப்பு, செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் எந்தப் பிளக்கும் போட வேண்டாம். குறும்பி அதிகம் சேர்பவர்களுக்கு ஒவ்வொரு செருகலும் அதை உள்ளே தள்ளும். நீண்ட பயணத்துக்கு முன் அவர்கள் மருத்துவரிடம் எடுத்துவிட்டு வருவது நல்லது, பட்ஸ் குச்சியால் தாங்களே நோண்டினால் இன்னும் ஆழத்துக்குத்தான் போகும்.

டேங்க் பையிலும் ஜாக்கெட் பையிலும் இரண்டு இணை மாற்றுப் பிளக் சிறு டப்பாவில் போட்டு வையுங்கள். பெட்ரோல் பங்கில் ஒன்று கைதவறி மண்ணில் விழுந்தால் அதைத் துடைத்துக் காதில் வைக்க வேண்டியிருக்காது.