தாத்தா பார்த்த ஜீவா

கம்யூனிஸ்ட் தலைவர் ப. ஜீவானந்தம், அதாவது ஜீவா, என்று பேச்சு வந்தாலே எல்லோரும் அந்த ஈர வேட்டிக் கதையையே சொல்கிறீர்கள். காமராஜர் அவருடைய தாம்பரம் குடிசைக்குப் போனாராம், இருந்த ஒரே வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருந்ததால் ஜீவா உடனே வெளியே வரவில்லையாம். நானே நாலைந்து விதமாகக் கேட்டுவிட்டேன். அது இருக்கட்டும், எங்கள் தாத்தா வேறு ஒன்று சொல்வார்.

தாத்தாவுக்குச் சென்னை பி அண்ட் சி துணி மில்லில் வேலை, 1918-லேயே தொழிற்சங்கம் கண்ட மில் அது. வீடு வண்ணாரப்பேட்டை. 1952 தேர்தலில் ஜீவா அங்கேதான் நின்றார். அதற்குமுன் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை இருந்ததே, அதனால் மேடையில் ஏறும் ஆளை நேரில் பார்க்கவே கூட்டம் கூடுமாம். வேலை முடிந்து தூக்குச்சட்டியோடு தாத்தாவும் போய் நின்றிருக்கிறார். பெரிய மீசை, இடி மாதிரிக் குரல். கூலி, போனஸ் என்று பேசுவார் என்று பார்த்தால் மனிதர் கம்பனில் ஆரம்பித்துவிட்டார், அப்புறம் பாரதி, கூலிக்கு வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆகிவிட்டதாம். "எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத எனக்குக் கம்பன் சொன்னாருடா" என்று தாத்தா சொல்லும்போது எண்பது வயதிலும் முகம் மாறும். வேட்டிக் கதையைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. ஏழையாக வாழ்ந்த தலைவர்கள் வேறு சிலரும் உண்டு, ஆனால் மில் தொழிலாளிக்குக் கம்பன் எதற்கு என்று நினைக்காதவர் எத்தனை பேர்?

அந்தத் தேர்தலில் ஜெயித்தார், சட்டமன்றத்தில் இருந்தது 1957 வரைதான்.

இரண்டு வருடம் முன்பு நாகர்கோவில் போனபோது அவர் பிறந்த பூதப்பாண்டிக்கும் ஒரு நடை போய்வந்தேன். 1907-ல் பிறந்தபோது வைத்த பெயர் சொரிமுத்து. மறைமலையடிகளின் தனித்தமிழ்ப் பற்றில் கொஞ்ச காலம் உயிர் இன்பன் என்றும் வைத்துக்கொண்டிருக்கிறார். சிராவயல் ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தவர், பிறகு சுயமரியாதை இயக்கம், பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தமிழாக்கியதற்காகச் சிறை, அப்புறம் காங்கிரஸ் சோசலிஸ்ட், கடைசியில் கம்யூனிஸ்ட். கட்சி மாறிக்கொண்டே இருந்தவர் என்று இதைச் சிலர் கிண்டல் செய்வார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் பதவி கிடைத்ததா, ஜெயில் கிடைத்ததா என்று பார்த்தால் போதாதா?

சரி, தாத்தாவுக்கு வருகிறேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான் சங்க ஆபீசில் உட்கார்ந்து கட்சிப் பத்திரிகையான 'ஜனசக்தி'யை வைத்து எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டார். முதலில் தலைப்பு மட்டும், ஆறு மாதத்தில் முழுப் பத்திரிகையும். 1963 ஜனவரியில் ஜீவா இறந்த செய்தி வந்த இதழைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாராம். எங்கே தாத்தா அது என்று கேட்டேன். மழைக்காலத்தில் விறகு நனைந்திருந்தபோது பாட்டி எடுத்து அடுப்பு மூட்டிவிட்டாளாம். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை என்றார்.