புதுப்பிப்பு: நண்டு காலை உதிர்த்த விஷயம், இந்தத் தடவை உதிரவில்லை

போன மாதம் புலம்பியிருந்தேன்: உயிரோடு வாங்கிய களி நண்டைக் கொதிநீரில் போட்டதும் கால் கொடுக்கு எல்லாம் தனித்தனியாகக் கழன்றுவிட்டது, உடம்புக்குள் தண்ணீர் புகுந்து சதை சப்பென்று ஆனது என்று. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஞாயிற்றுக்கிழமை வேலூர் மார்க்கெட்டில் இரண்டு வாங்கினேன், ஒவ்வொன்றும் அரை கிலோ சுமார். சத்துவாச்சாரி வீட்டுக்கு வரும்வரை ஈரச் சாக்கில் சுற்றி வைத்தேன். வாளித் தண்ணீரில் விடச் சொன்ன யோசனையை எடுக்கவில்லை. தேங்கிய தண்ணீரில் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

வேலை செய்தது ஃப்ரீசர் யோசனைதான். கொடுக்கைக் கட்டிய கயிற்றை அவிழ்க்காமல் அரை மணி நேரம் வைத்தேன். அசைவு முழுக்க நின்றது. சூடு பட்டால் தப்பிக்கத் தானே காலைக் கழற்றிவிடுமாம். விறைத்த பிறகு அது நடக்கவில்லை. அப்புறம் ஓட்டைப் பிரித்து, செவுள் நீக்கி, நான்காக வெட்டி, மிளகு மசாலாவில் மூடிபோட்டு 15 நிமிடம். ஒரு கால்கூட உதிரவில்லை.

எதிர்பாராதது ஒன்று. இரண்டில் ஒன்று உள்ளே பாதி வெறும் தண்ணீர். சமீபத்தில் ஓடு கழற்றிய நண்டு அப்படித்தான் இருக்கும், சமையலில் குறை இல்லை. வாங்கும்போதே வயிற்றுப் பக்கம் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் வேண்டாம். நான் அளவை மட்டும் பார்த்து ஏமாந்தேன். அம்மா அதை ரசத்தில் போட்டுச் சமாளித்தார், உண்மையில் வறுவலைவிட அதுதான் முதலில் தீர்ந்தது.