புதுப்பிப்பு: கவனிக்காமல் விட்ட மீன்தொட்டியில் நத்தைப் பெருக்கம்

மாதக்கணக்கில் கவனிக்காத 60 லிட்டர் தொட்டி, கண்ணாடி முழுக்கக் குட்டி நத்தை, மருந்து ஊற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஊற்றவில்லை. செம்பு கலந்த மருந்து இறாலையும் கொல்லும். நத்தைகள் மொத்தமாகச் செத்து அழுகினால் அம்மோனியா ஏறி மீனும் போகும்.

பலன் தந்தது தீனிக் குறைப்புதான்: இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள். விளக்கணைத்ததும் வெந்நீரில் வாட்டிய வெள்ளரித் துண்டை முள்கரண்டியில் குத்தி அடியில் வைத்தால், காலையில் அதன்மேல் நத்தை அப்பிக் கிடக்கும். அப்படியே தூக்கிவிட வேண்டும், மறந்தால் தண்ணீர் கலங்கும். ஜெல்லிபோல் ஒட்டிய முட்டைகளைப் பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டியாச்சு. வாரம் 25 சதவீதம் தண்ணீர் மாற்றம்.

மிச்சம், கூம்பு வடிவ மலேசிய நத்தை. முட்டையிடாது, குட்டி போடும். பகலில் சரளைக்குள் புதைந்திருக்கும். அதற்கு, சரளையிலிருந்து உறிஞ்சி எடுக்கும் சைஃபன் குழாய்தான்.